சோறு இருக்கு, பருப்பு எங்கே?

"அண்ணா, அடியில கலக்கி ஊத்துங்க!"

தமிழ்நாட்டுல எந்த ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போனாலும் சாம்பார் வாளி பக்கத்துல இந்தக் குரல் கேட்கும். மேலே மிதக்கும் தண்ணி வேண்டாம், அடியில தங்கியிருக்கும் பருப்பு வேணும் என்பதுதான் அதோட அர்த்தம். யாரும் நமக்குச் சத்துணவியல் பாடம் எடுக்கல. ஆனாலும் சாம்பார்ல எது விலை மதிப்பு உள்ளதுன்னு நமக்கே தெரியுது. அந்த அடிக்கரண்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புரதம் எவ்வளவு வேணும், நம்ம தட்டுல எவ்வளவு இருக்கு, குறையுதுன்னா எங்கே குறையுது, அதைச் சரி பண்ண என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டே பார்ப்போம். பொறியியல் படிக்கிறவங்க நாம, கணக்குக்குப் பயப்படக் கூடாது!

நாம சைவமா, அசைவமா?

மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை 2014-இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் அசைவம் சாப்பிடுறவங்க. அப்போ சைவ உணவில் புரதம் என்ற பேச்சு நமக்கு எதுக்கு?

ஒரு வாரம் நீங்க சாப்பிட்டதை எழுதிப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை கறி. நடுவுல ஒருநாள் முட்டையோ மீனோ. மீதி நாள் எல்லாம் இட்லி, சாம்பார் சாதம், ரசம், மோர், சப்பாத்தி குருமா. புரட்டாசி வந்தா அதுவும் கிடையாது. கார்த்திகையில மாலை போட்டா தை பிறக்குற வரைக்கும் கிடையாது. பேருக்கு அசைவம், நடைமுறையில பெரும்பாலும் சைவம். அதனால முழுச் சைவக்காரருக்கு உள்ள அதே கேள்வி நமக்கும் இருக்கு.

எவ்வளவு வேண்டும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் தரமான புரதம் வேண்டும். தானியத்தையே பெரிதும் நம்பியிருக்கும் தட்டு என்றால், அந்தப் புரதத்தின் தரம் குறைவு என்பதால், கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்ளச் சொல்றாங்க.

அப்போ 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். 50 கிலோ என்றால் 42 முதல் 50 கிராம். ஜிம்முக்குப் போய்த் தொடர்ந்து எடை தூக்குறவங்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை சொல்றாங்க. தினமும் வகுப்புக்குப் போய் வந்து, சாயங்காலம் கொஞ்ச நேரம் வாலிபால் ஆடுறவங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

தட்டை எடை போடுவோம்

கீழே இருக்கும் எண்கள் எல்லாமே சமைப்பதற்கு முன்னாடி உள்ள எடையை வைத்துப் போட்டவை. சமைத்த பிறகு தண்ணி ஏறி எடை மாறிடும், கணக்கு குழம்பிடும். 100 கிராமில் உள்ள புரதம், தோராயமாக:

- புழுங்கலரிசி, பச்சரிசி: 8 கிராம்
- கோதுமை மாவு: 10.5 கிராம்
- துவரம்பருப்பு, கடலைப்பருப்பு: 21 முதல் 22 கிராம்
- உளுந்து, பாசிப்பருப்பு: 23 முதல் 24 கிராம்
- முழுக் கொண்டைக்கடலை: 19 கிராம்
- வேர்க்கடலை: 24 கிராம்
- சோயா பீன்ஸ்: 36 கிராம்
- பன்னீர்: 19 கிராம்
- பால், தயிர்: 3 கிராம்
- முட்டை: 13 கிராம் (ஒரு முட்டைக்கு 6 முதல் 7)

இப்போ ஒரு சாதாரண மெஸ் நாள்.

காலையில 4 இட்லி. ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு ஆட்டினால் ஏறத்தாழ 65 இட்லி வரும். ஒரு இட்லிக்கு 2 கிராம் புரதம், நாலு இட்லிக்கு 8. சாம்பார், சட்னிக்கு 2. ஆக 10.

மதியம் 150 கிராம் அரிசியின் சோறு, அதில் 12. சாம்பாரில் ஒரு ஆளுக்குப் பத்து கிராம் பருப்பு விழுந்தால் 2. பொரியலில் 2. ஒரு சின்னக் கிண்ணம் தயிரில் 3. ஆக 19.

சாயங்காலம் டீ, இரண்டு பிஸ்கட். ஆக 3.

ராத்திரி 3 சப்பாத்தி, குருமா. ஆக 11.

மொத்தம் 43 கிராம்.

60 கிலோ ஆளுக்கு வேண்டியது 50 முதல் 60. பள்ளம் பெரிசு இல்லை, ஆனா தினமும் இருக்கு. எட்டரை மணி வகுப்புக்கு ஓடுற அவசரத்துல காலை டிபனை விட்டுட்டோம்னா மொத்தம் 33-க்கு இறங்கிடும். பசியே தெரியாது, ஏன்னா மதியம் சோறு கூடவே போடுவாங்க. வயிறு நிறைஞ்சிடும், கணக்கு நிறையாது.

இந்தப் பட்டியலில் இன்னொரு விஷயத்தையும் பாருங்க. அரிசியும் கோதுமையும் சேர்த்து அன்று நாம சாப்பிட்டது சுமார் 300 கிராம். பருப்பு வகைகள்? இட்லியில் 15, காலை சாம்பாரில் 5, மதியம் 10, மொத்தம் 30 கிராம். தானியத்துக்கும் பருப்புக்கும் 10-க்கு 1 என்ற விகிதம். ஐ.சி.எம்.ஆர். சொல்வது 3-க்கு 1. ஒரு நாளைக்கு 2000 கலோரி தட்டுக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகை இருக்கணும் என்பது அவங்க கணக்கு.

நம்ம பிரச்சினை முழுக்க இந்த விகிதத்துலதான் இருக்கு.

10-க்கு 1, 3-க்கு 1: என்ன வித்தியாசம்?

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோர்த்த சங்கிலி. மொத்தம் 20 வகை. அதில் 9 வகையை நம்ம உடம்பால செய்ய முடியாது, சாப்பாட்டில் வந்தே ஆகணும். அந்த ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் உற்பத்தி அந்த அளவோட நின்றுவிடும். ஒரு சைக்கிள் கடையில 100 சட்டம், 100 சீட், 100 ஹேண்டில்பார் இருக்கு, சக்கரம் மட்டும் 160 தான் இருக்குன்னா 80 சைக்கிள்தான் செய்ய முடியும். மீதிச் சட்டத்தை என்ன செய்வது? உடம்பும் மீதி அமினோ அமிலங்களை எரித்துச் சக்தியாக்கிடும், தசையாக மாற்றாது.

அரிசியில் அந்தச் சக்கரம் லைசின். ஒரு கிராம் புரதத்தில் 45 மில்லிகிராம் லைசின் இருக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அளவு. அரிசிப் புரதத்தில் இருப்பது தோராயமாக 37. கோதுமையில் அதைவிடவும் குறைவு. பருப்பு வகைகளில் 65 முதல் 70 வரை இருக்கு. பருப்பில் கொஞ்சம் குறைவாக இருப்பது மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலங்கள். அரிசியில் அவை போதுமான அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று மூடுது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். அரிசி 10 பங்கு, பருப்பு 1 பங்கு என்றால் கலவையின் லைசின் கிராமுக்கு ஏறத்தாழ 44 மில்லிகிராம். கோட்டுக்குச் சற்றுக் கீழே. இரவுச் சப்பாத்தியையும் சேர்த்தால் இன்னும் இறங்கும். 3 பங்கு அரிசி, 1 பங்கு பருப்பு என்றால் 52. கோட்டுக்கு நல்ல மேலே. இது மட்டும் இல்லை. 3-க்கு 1 விகிதத்தில் எடையில் கால் பங்கே உள்ள பருப்பு, மொத்தப் புரதத்தில் பாதியைக் கொடுத்துடும்.

இட்லி மாவிலேயே இதைப் பார்க்கலாம். 4-க்கு 1 மாவில் உளுந்து ஐந்தில் ஒரு பங்குதான். ஆனா புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதிலிருந்து வருது. உளுந்து விலை ஏறும்போது கடையில 8-க்கு 1 என்று குறைத்து, சோடா உப்புப் போட்டு உப்ப வைத்தால், பார்க்க அதே இட்லிதான். உள்ளே இருக்கிறது வேற.

இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டே ஆகணுமா என்று கேட்கலாம். 1971-இல் அமெரிக்காவில் பிரான்சஸ் மூர் லாப்பே எழுதிய புத்தகம் அப்படித்தான் சொல்லிப் பிரபலமாச்சு. பத்து வருஷம் கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் திருத்தினார். ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் போதும். மெக்சிகோவில் சோளமும் பீன்ஸும், எகிப்தில் அரிசியும் மைசூர்ப் பருப்பும் சேர்ந்த கொஷாரி, நம்ம ஊரில் வெண்பொங்கல். உலகம் முழுக்க ஏழை வீட்டுச் சமையல் இந்த விடையைக் கண்டுபிடித்து வைத்திருக்கு.

டெல்டா வயல் எடுக்கும் பாடம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் இருந்து வர்றவங்களுக்கு இந்தப் பகுதி தெரிந்த கதைதான். மற்றவங்களுக்காகச் சொல்றேன்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கும். குறுவை, சம்பா, தாளடி என்று நெல் மேல நெல். தை, மாசியில சம்பா, தாளடி அறுவடைக்கு வரும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி, நெல் நிற்கும்போதே, வயல் ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, உளுந்தையோ பச்சைப்பயறையோ உள்ளே தெளித்துவிடுவாங்க. நெல்லை அறுத்ததும் அடியில முளைத்திருக்கும் செடிக்கு வெயில் கிடைக்கும். அதுக்கப்புறம் தண்ணி பாய்ச்சுவது கிடையாது. மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரம், ராத்திரிப் பனி, அவ்வளவுதான். 65 முதல் 75 நாளில் பங்குனி, சித்திரையில் பயறு வீட்டுக்கு வந்துடும். இதைத்தான் நெல் தரிசுப் பயறு என்று சொல்வாங்க. இதற்கென்றே ஆடுதுறையில் உருவாக்கிய உளுந்து ரகங்களில் ஒன்று ஆடுதுறை 3. 1922-இல் தொடங்கிய அந்த நெல் ஆராய்ச்சி நிலையமே உளுந்துக்கும் ரகம் கொடுத்திருக்கு என்பதைக் கவனிங்க. அந்த ஊரில் இரண்டும் ஒரே வயலின் பயிர்.

இதுக்குள்ள நம்ம கெமிக்கல் துறை நண்பர்களுக்கு ஒரு பாடம் இருக்கு. புரதம் செய்ய நைட்ரஜன் வேணும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் எந்தச் செடியும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. ஹேபர் பாஷ் முறையில் அம்மோனியா செய்ய 400 டிகிரி செல்சியஸுக்கு மேல வெப்பமும், நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தமும் தேவை. அப்படிச் செய்த அம்மோனியாதான் யூரியாவாகி நெல்லுக்குப் போகுது. உளுந்தின் வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதே வேலையை வயல் வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில், செடி கொடுக்கும் சர்க்கரையைக் கூலியாக வாங்கிக்கொண்டு செய்யுது. பருப்பில் அரிசியைவிட மூன்று மடங்கு புரதம் இருப்பதற்கும் இந்தக் கூட்டணி ஒரு காரணம்.

ஆக, அரிசியும் பருப்பும் ஒரே வயலில், ஒன்றன் பின் ஒன்றாக விளையுது. தட்டுலயும் அது சேர்ந்தே வந்திருக்கு. இட்லி, தோசை, வெண்பொங்கல், அடை, உளுந்தங்களி, பருப்பு உருண்டைக் குழம்பு, பருப்பு உசிலி. கும்பகோணத்துப் பக்கம் இட்லிக்குத் தொட்டுக்கக் கொடுக்கும் கடப்பா, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது. இட்லியில் உளுந்து, கடப்பாவில் பாசிப்பருப்பு. மெஸ்ஸில் வாரம் ஒருநாள் கடப்பா போடச் சொன்னாலே புரதம் கூடும்.

எப்போ குறைஞ்சுது?

1960-61இல் மத்திய அரசு தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. புது ரகம், உரம், பாசனம் எல்லாம் நெல்லுக்கும் கோதுமைக்கும் போச்சு. பஞ்சம் தீர்ந்தது, அது சின்னச் சாதனை இல்லை. ஆனா பயறு வகைகளுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கல, மக்கள்தொகை மட்டும் கூடிக்கிட்டே போச்சு.

மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை எண்கள் இதைச் சொல்லுது. இந்தியாவில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பருப்பு, பயறு வகை 1961-இல் 69 கிராம். 1981-இல் 37.5 கிராம். 2001-இல் 30 கிராம். 2011-இல் 43 கிராம் வரை மீண்டும் ஏறியது. நம்ம மெஸ் தட்டுக் கணக்கில் வந்த 30 கிராமை ஞாபகம் வச்சுக்கோங்க. 2001-ஆம் வருஷ இந்தியா எங்கே நின்றதோ, அங்கேதான் அந்தத் தட்டு நிற்குது.

வீட்டுப் பக்கம் பார்த்தாலும் இதே சாய்வுதான். ரேஷன் கடையில நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்குது. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ. 20-க்கு 1. அந்த ஒரு கிலோவை நாலு பேர் முப்பது நாளைக்குப் பிரித்தால் ஆளுக்கு 8 கிராம். மீதியை வெளிக்கடையில வாங்கணும். வருமானம் குறைந்த வீட்டில் முதலில் குறைக்கப்படுவது அந்த வெளிக்கடைப் பருப்புதான். அரிசி எப்படியும் வந்துடும்.

வயலிலும் சிக்கல் உண்டு. கையால் அறுத்த காலத்தில் நெல்லுக்கு அடியில் முளைத்த பயறு தப்பிக்கும். இப்போ பெரிய அறுவடை இயந்திரம் உள்ளே இறங்கினால் சக்கரத் தடம் பட்ட இடமெல்லாம் முளை நசுங்கிடும். அறுவடைக்குப் பிறகு விதைக்கலாம்னு பார்த்தால் ஈரம் காய்ந்திருக்கும். மெக்கானிக்கல் துறையில இறுதி ஆண்டு புராஜெக்ட் தேடுறவங்க இதை யோசிக்கலாம். முளையை மிதிக்காத அறுவடையோ, அறுவடையோடு சேர்ந்தே நடக்கும் விதைப்போ, நல்லா அமைந்தால் அதில் விளைவது நம்ம மாநிலத்தின் பருப்பு.

ஒரு நாளைக்கு அரை டம்ளர்

85 கிராம் பருப்பு என்றால் எவ்வளவு? 200 மில்லி டம்ளரில் பாதி. பச்சையாக, சமைப்பதற்கு முன். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும், வேறு செயலி எதுவும் வேண்டாம்.

30 கிராமில் இருந்து அங்கே எப்படிப் போவது?

ஒன்று, மதியம் சாம்பாரோடு கெட்டிப் பருப்பு. ஒரு ஆளுக்கு 20 கிராம் கூடுதல் பருப்பு, உப்பு மஞ்சள் போட்டு வேகவைத்தது. புரதம் 4 கிராம் கூடும்.

இரண்டு, சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். 30 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்து வேகவைத்தால் ஒரு கிண்ணம் நிறைய வரும். 6 கிராம்.

மூன்று, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. 30 கிராம் என்றால் 7 கிராம் புரதம். வறுத்தது, அவித்தது எதுவானாலும் சரி. கடலை மிட்டாய் என்றால் வெல்லமும் சேர்ந்து வரும், அதையும் கணக்கில் வையுங்க.

43-இல் தொடங்கி 60-க்கு வந்துட்டோம். ஒரு முட்டையோ, ஒரு டம்ளர் பாலோ கூடச் சேர்ந்தால் இன்னும் நல்லது. அறையில் தங்கி நீங்களே சமைக்கிறவங்களுக்கு இது இன்னும் சுலபம். குக்கரில் அரிசி போடும்போது மூணு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு, கொஞ்சம் மிளகு, சீரகம், இஞ்சி. வெண்பொங்கல் தயார், விகிதமும் தயார்.

ஒரு கிராம் புரதம் என்ன விலை?

பொருளின் கிலோ விலையை, அந்தக் கிலோவில் உள்ள புரதக் கிராமால் வகுங்க. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் புரிவதற்காகச் சில விலைகளை எடுத்துக்கொள்வோம்.

பாசிப்பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 240 கிராம் புரதம், கிராமுக்கு 50 காசு. வேர்க்கடலை 140 ரூபாய் என்றால் ஏறத்தாழ 60 காசு. முட்டை 6 ரூபாய் என்றால் 90 காசு. பன்னீர் 400 ரூபாய் என்றால் 2 ரூபாய்க்கு மேல். புரதப் பவுடர் கிலோ 2500 ரூபாய், அதில் 750 கிராம் புரதம் என்றால் 3 ரூபாய் 30 காசு. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க, வரிசை பெரும்பாலும் மாறாது.

பவுடர் கெட்டது என்று சொல்ல வரல. வே புரதம் பாலில் இருந்து வருவது, தரம் உயர்ந்தது, லைசினும் நிறைய. ஆனா 17 கிராம் பள்ளத்தை நிரப்ப மாதம் ஆயிரத்துக்கு மேல செலவழிக்கணுமா என்பதுதான் கேள்வி. வாங்குவதாக இருந்தால் இன்னொன்றும் தெரிஞ்சுக்கணும். 1883-இல் கெல்டால் கண்டுபிடித்த முறையில், ஆய்வகம் நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்லும். நைட்ரஜன் உள்ள வேறு எதைக் கலந்தாலும் எண் ஏறிடும். மெலமைனில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 2008-இல் சீனாவில் தண்ணி கலந்த பாலில் மெலமைன் சேர்த்துப் புரத எண்ணை ஏற்றினாங்க. லட்சக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டாங்க, ஆறு குழந்தைகள் இறந்தாங்க. அதனால உரிம எண் இல்லாத, பிரித்துப் பொட்டலம் கட்டி விற்கும் பவுடரை யார் சொன்னாலும் வாங்காதீங்க. பருப்பில் அந்தத் தந்திரம் செய்வது கஷ்டம், கண்ணுக்கே தெரியும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*முளைகட்டினால் புரதம் கூடுமா?* கூடாது. தண்ணி ஏறி எடைதான் கூடும். வைட்டமின் சி கூடும், ஜீரணம் சுலபமாகும், அது நல்ல விஷயம். ஆனா கணக்குக்கு முளைகட்டும் முன் எடையைப் பாருங்க.

*காளான், கீரையில் நிறையப் புரதம் என்கிறாங்களே?* இரண்டிலும் 100 கிராமுக்கு 2 முதல் 4 கிராம்தான். வேறு சத்துகளுக்காகச் சாப்பிடுங்க.

*பருப்பு கூடினால் வாயு வருமே?* பருப்பில் உள்ள சில சர்க்கரைகளை நம்ம குடல் உடைக்காது, பெருங்குடல் பாக்டீரியா உடைத்து வாயுவாக்கும். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, நல்லாக் குழைய வேகவையுங்க. அளவை ஒரேயடியாகக் கூட்டாம வாரம் வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்க. பாசிப்பருப்பில் தொல்லை குறைவு, அதில் இருந்து தொடங்கலாம்.

*முட்டை சாப்பிடாதவருக்கு வாழைப்பழம் ஈடாகுமா?* சத்துணவுத் திட்டத்தில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறதைப் பார்த்து நமக்கு அப்படி ஒரு எண்ணம் வந்துடுச்சு. முட்டையில் 6 கிராமுக்கு மேல் புரதம், வாழைப்பழத்தில் ஏறத்தாழ 1. புரதக் கணக்கில் முட்டைக்கு ஈடு ஒரு கிண்ணம் சுண்டல். மெஸ்ஸில் முட்டை நாளன்று சைவக்காரருக்கு என்ன கிடைக்குதுன்னு பாருங்க.

*பருப்பு மட்டும் போதுமா?* புரதத்துக்குப் போதும். வைட்டமின் பி12 செடி உணவில் கிடைக்காது. பால், தயிர், முட்டை எதுவும் தொடாதவங்க மருத்துவரைக் கேட்டு அதற்குத் தனியாக வழி செய்யணும். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களும் மருத்துவர் சொன்ன அளவிலேயே இருக்கணும்.

மெஸ் கமிட்டிக்கு ஒரே ஒரு கேள்வி

மெஸ் கமிட்டிக் கூட்டத்தில் நாம வழக்கமாக எதைப் பேசுறோம்? சிக்கன் பீஸ் சின்னது, புரோட்டா காய்ந்துபோச்சு, ஐஸ்கிரீம் வரல. பருப்பைப் பற்றிக் கேட்டால் "சாம்பார் தண்ணியா இருக்கு" என்று பொதுவாகச் சொல்வோம். "நாளைக்குக் கெட்டியாப் போடச் சொல்றேன்" என்று பதில் வரும். அத்தோட முடிஞ்சது.

அடுத்த கூட்டத்தில் எண்ணைக் கேளுங்க. போன மாதம் எத்தனை கிலோ துவரம்பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு, கடலை இறக்கினாங்க? அதைச் சாப்பிட்ட ஆள் எண்ணிக்கையாலும், நாள் எண்ணிக்கையாலும் வகுங்க. அரிசிக்கும் கோதுமைக்கும் அதையே செய்யுங்க. ஐந்து நிமிட வேலை, ஸ்டோர் ரிஜிஸ்டரில் எல்லாம் இருக்கும். 500 பேர் சாப்பிடும் மெஸ்ஸில் ஆளுக்கு 20 கிராம் பருப்பைக் கூட்ட ஒரு நாளைக்கு 10 கிலோ பருப்பு வேணும். கிலோ 120 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு ஆளுக்கு 2 ரூபாய் 40 காசு. வீணாகிக் குப்பைக்குப் போகும் சோற்றைக் கொஞ்சம் குறைத்தால் அதில் ஒரு பகுதி அங்கேயே கிடைச்சிடும்.

கையில் எண் இருந்தால் பேச்சு மாறும். "ருசி இல்லை" என்று சொன்னால் அது உங்க அபிப்பிராயம். "ஆளுக்கு 30 கிராம் வருது, 85 வேணும், இந்த மாதம் 50 ஆக்க முடியுமா?" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆகணும்.

உங்க மெஸ் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டவங்க, உங்க விகிதம் 10-க்கு 1-ஆ, 5-க்கு 1-ஆ என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அதுவரைக்கும் வரிசையில நிற்கும்போது கூச்சப்படாம கேளுங்க: "அண்ணா, அடியில கலக்கி ஊத்துங்க."